தனியருக்குக் கூடுதல் கட்டணம்

முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கட்சி ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்து வருகிறேன். அரசியல் தீர்மானங்கள், அமைப்பு அறிக்கைகள், திருத்தங்கள், திருத்தங்களுக்கான திருத்தங்கள் எனப் பலவும் என் மேசையைக் கடந்து சென்றிருக்கின்றன. சுற்றுலா நிறுவனமொன்றின் விளம்பரத் தாள் மட்டும் வந்ததில்லை. சென்ற குளிர்காலத்தில் அதுவும் வந்தது. அனுப்பியவள் என் அண்ணன் மகள். அந்தமான் தீவுகளுக்கு ஆறு நாள் பயணம். தனியாக வருவோருக்கு மட்டும். கூடவே ஒரு வழித்துணை. பணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டதாகவும், மறுத்தால் திரும்பக் கிடைக்காது என்றும் எழுதியிருந்தாள். ஐம்பத்தாறு வயது, திருமணம் செய்துகொள்ளாத முழுநேர ஊழியர், இடது முழங்காலில் வலி. இவற்றையெல்லாம் கணக்கிட்டே அவள் இந்தச் சதியைச் செய்திருக்கிறாள்.

அலுவலகத்தில் செய்தி பரவியதும் இரண்டு விதமான கேள்விகள் எழுந்தன. ‘தனியாகவா?’ என்றனர் சிலர். ‘சுற்றுலாவா?’ என்றனர் மற்றவர்கள். முதல் கேள்வியில் அக்கறை இருந்தது. இரண்டாவதில் மெல்லிய கண்டனம் இருந்தது. இரண்டுக்கும் அப்போது நான் விடை சொல்லவில்லை. திரும்பி வந்து பல வாரங்கள் யோசித்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த தொகை, இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஆகும் செலவு. தனி அறை வேண்டுமெனில் மேலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்பது அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. தனியாக வருவோருக்கென்றே நடத்தப்படும் பயணத்தில், தனியாக இருப்பதற்கு அபராதம்! இது அந்த ஒரு நிறுவனத்தின் வழக்கம் மட்டுமன்று. பொதுத்துறையில் உள்ள ஐஆர்சிடிசி நடத்தும் பயணங்களின் கட்டணப் பட்டியலிலும் ஒருவர், இருவர், மூவர் என்று பிரித்து, ஒருவருக்கே அதிகம் வைத்திருக்கிறார்கள். விடுதி அறை என்பது இரண்டு பேரின் பணத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட சரக்கு. அதில் ஒருவர் படுத்தால், படுக்காத மற்றவரின் பங்கையும் அவரே கொடுத்தாக வேண்டும். இந்தச் சந்தையில் மனிதர்க்கான அலகு கணவனும் மனைவியும் கொண்ட குடும்பம். அதிலிருந்து விலகியவர், விரும்பி விலகினாலும் விதவையாகி விலகினாலும், மீதி வைத்துக் கணக்கிடப்படுகிறார்.

அந்தக் கூடுதல் தொகையையும் கட்டுவதாக அண்ணன் மகள் சொன்னாள், நான் இசையவில்லை. அறிமுகமில்லாத ஒருவருடன் அறையைப் பகிர்ந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். விமான நிலையத்தில் பதினான்கு பேர் கூடினோம். பதினொருவர் பெண்கள், பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியை, கணவர் இறந்து நான்காண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக வீட்டைப் பூட்டிவிட்டு வந்த நாகபுரிப் பெண்மணி, மணமுறிவு பெற்ற ஒரு கணக்காளர். அறைகள் பிரிக்கப்பட்டபோது, எனக்கு வாய்த்த அறிமுகமில்லாதவர் யார் என்று தெரிந்தது. எங்கள் வழித்துணையாக வந்த இளம்பெண்தான். நிறுவனம் அவளுக்குத் தனி அறை எடுப்பதில்லை. பயணிகளில் யாரேனும் தனியாக எஞ்சினால் அங்கே அவளைப் படுக்க வைத்துவிடுகிறது. என் சிக்கனமும் முதலாளியின் சிக்கனமும் ஒரே அறையில் வந்து சேர்ந்தன.

அவளுக்கு இருபத்தாறு வயது. பயணத்துக்கு இவ்வளவு என்று ஊதியம். இரண்டு பயணங்களுக்கு இடைப்பட்ட நாட்களுக்கு ஒன்றும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படகுச் சீட்டுகளைச் சரிபார்ப்பாள். இரவு பதினொரு மணிக்கு, மருந்தை மறந்துவிட்டு வந்த யாருக்கோ மருந்துக் கடை தேடுவாள். நாங்கள் சிரித்த முகத்துடன் இருக்கிறோமா என்பதை அவள் படமெடுத்து அனுப்ப வேண்டும். நாங்கள் தரும் மதிப்பெண்ணைப் பொறுத்தே அவளுக்கு அடுத்த பயணம் கிடைக்கும். எங்களின் தனிமையைப் போக்கும் வேலை அவளுடையது. அந்த வேலைக்கு வந்த நாள்முதல் தன் அம்மாவுடன் ஒரு பண்டிகையும் கொண்டாடவில்லை என்று மூன்றாம் நாள் இரவில் சொன்னாள்.

இனி அந்த ஊரைப் பற்றி. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்திருந்த நகருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவாகவும் நீல் தீவு சாகித் தீவாகவும் மாற்றப்பட்டன. ஆங்கிலேயப் படைத் தளபதிகளின் பெயர்கள் போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பெயரை மாற்றுகிறவர்கள் வரலாற்றை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

1857 எழுச்சிக்குப் பிறகு, 1858 மார்ச் மாதம் முதல் 200 கைதிகள் அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டனர். சிறைக் கட்டடம் 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. நடுவே ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள், மூன்று அடுக்குகள், ஏறத்தாழ 700 அறைகள். அவற்றில் ஒன்றுகூடப் பலர் சேர்ந்திருக்கும் கொட்டடி அன்று. எல்லாம் ஒற்றை அறைகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருக்கும்படி கட்டினார்கள், கைதிகள் ஒருவர் முகத்தை மற்றவர் காணக்கூடாது என்பதற்காக. மனிதரை உடைக்கச் சவுக்கும் செக்கும் போதா, தனிமையும் வேண்டும் என்று ஏகாதிபத்தியம் தெளிவாக அறிந்திருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சிறையின் பெயரே அந்த ஒற்றை அறையிலிருந்து பிறந்ததுதான். நாம் தமிழில் ‘செல்லுலர் சிறை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ‘தனியறைச் சிறை’ என்று நானே ஒருமுறை பெயர்த்திருக்க வேண்டும், தவறவிட்டேன்.

எங்கள் குழுவுக்கு அங்கே அமர்த்தப்பட்ட வழிகாட்டி நல்ல குரல்வளம் உள்ளவர். முப்பத்தைந்து நிமிடங்கள் பேசினார். அவற்றில் இருபது நிமிடங்கள் மூன்றாவது மாடியின் கோடியில் உள்ள ஓர் அறைக்கே போயின. சாவர்க்கர் அங்கே 1911 முதல் 1921 வரை இருந்தார் என்பதும், துன்புற்றார் என்பதும் உண்மை. அவர் விடுதலை கோரி அரசுக்குத் திரும்பத் திரும்ப மனுக்கள் எழுதினார் என்பதும் அதே அளவு உண்மை. அதற்கு வழிகாட்டியிடம் நேரம் இருக்கவில்லை. விமான நிலையத்துக்கு அவர் பெயர். சிறைக்கு எதிரே உள்ள பூங்காவுக்கும் அவர் பெயர். அந்தப் பூங்காவில் ஆறு சிலைகள் நிற்கின்றன. அச்சிறையில் உயிர் நீத்தவர்களின் சிலைகள் அவை. இந்துபூஷண் ராய், பாபா பான்சிங், பண்டிட் ராம் ரக்கா, மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா. திரும்பி வந்தவரின் பெயரில் அமைந்த பூங்காவில், திரும்பி வராதவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இவர்களில் கடைசி மூவரும் 1933 மே மாதப் பட்டினிப் போராட்டத்தில் இறந்தவர்கள். 1932 முதல் அரசியல் கைதிகளை மீண்டும் அந்தமானுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தனர். சட்டகிராம் ஆயுதக்கிடங்கு வழக்கு, லாகூர் சதி வழக்கு எனப் பல வழக்குகளின் இளைஞர்கள் 300-க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தனர். விளக்கும் புத்தகமும் உண்ணத்தக்க உணவும் கேட்டுத்தான் அவர்கள் பட்டினி கிடந்தார்கள். பகத்சிங்கின் தோழரான மகாவீர் சிங்கை நாற்காலியில் அழுத்திப் பிடித்து, மூக்கு வழியே குழாய் செலுத்திப் பாலூற்றினார்கள். பால் நுரையீரலுக்குள் இறங்கியது. மே 17 அன்று இறந்தார். உடலைக் கடலில் வீசினார்கள். மற்ற இருவரும் அவ்வாறே மாண்டனர். போராட்டம் 46 நாட்கள் நீடித்தது. முடிவில் விளக்கு வந்தது, புத்தகங்களும் வந்தன.

அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததுதான் நான் அங்கே தேடிச் சென்றது. 1935-ல் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்பு என்ற அமைப்பு உருவாயிற்று. தனித்தனி அறைகளில் பூட்டப்பட்டவர்கள் வகுப்பு நடத்தினார்கள். வெடிகுண்டையும் தனிமனித வீரத்தையும் நம்பி வந்த இளைஞர்கள் மார்க்சையும் லெனினையும் படித்து, மக்கள் திரளின் அரசியலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஹரேகிருஷ்ண கோனார் அங்கே இருந்தார். பின்னாளில் மேற்கு வங்கத்தின் ஐக்கிய முன்னணி அமைச்சரவையில் நிலத்துறையை ஏற்று, பதுக்கப்பட்ட நிலங்களை உழவர்கள் கைப்பற்றுவதற்குத் துணை நின்றவர் அவர்தான். கணேஷ் கோஷ் இருந்தார். சிவ் வர்மா இருந்தார். 1937 ஜூலையில் மீண்டும் பெரும் பட்டினிப் போராட்டம். தங்களைத் தாய்நிலச் சிறைகளுக்கு மாற்ற வேண்டும், அரசியல் கைதிகள் அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்ற கோரிக்கைகள் நாடெங்கும் எதிரொலித்தன. 1938 ஜனவரிக்குள் அனைவரும் அந்தத் தீவை விட்டு வெளியேறினர்.

இதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. நான் வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் பணிவாகவே, ‘அம்மா, இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை’ என்றார். நடுக்கோபுரத்தின் பளிங்குப் பலகைகளில் மாகாணவாரியாகப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வங்காளப் பலகைதான் மிக நீளமானது. முழங்கால் வலியோடு ஏறிப் பெயர் பெயராகப் படித்தேன். என்னைத் தேடி வந்த நாகபுரிப் பெண்மணி, ‘உங்கள் உறவினர் யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். பிறகு அவருக்கு மகாவீர் சிங்கின் கதையைச் சொன்னேன். கீழே இறங்கும்போது ஐந்தாறு பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வழித்துணைப் பெண்ணும் நின்றாள். படகுக்கு நேரமாகிறது என்பதை அவள் சொல்லவில்லை.

இத்துடன் நிறுத்தினால் நான் பெரிய வீராங்கனை போலத் தோன்றும். மறுநாள் நடந்ததையும் எழுதியாக வேண்டும். பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் பயணம். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, காவலுடன், ஜரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடாக அனுப்புகிறார்கள். அந்தச் சாலையை அப்பகுதியில் மூடும்படி 2002 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடவில்லை. உணவைக் காட்டி ஜரவா பெண்களை ஆடச் செய்த காணொளி 2012-ல் வெளியாகி உலகமே காறித் துப்பிய பிறகும் வண்டிகள் ஓடுகின்றன. சில நூறு பேராக எஞ்சியிருக்கும் ஒரு மக்களின் வீட்டு முற்றத்தைக் கிழித்துக்கொண்டு நாம் குகை பார்க்கப் போகிறோம். நான் போகவில்லை. ஆனால் காரணம் கேட்டபோது முழங்கால் வலி என்று சொன்னேன். முந்தின நாள் கோபுரத்தடியில் அவ்வளவு பேசியவளுக்கு, சக பயணிகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க நா எழவில்லை. கூட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற அச்சம் தனியாக வந்தவர்களுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும் போலும். என்னுடன் தங்கிவிட்ட கணக்காளரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் தங்கியதற்கும் அதே காரணம்தான் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

அந்த ஓய்வு நாளில் நகரைச் சுற்றினேன். அந்தமானின் காடுகளை வெட்டி, சாலைகளை அமைத்தவர்கள் 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட பழங்குடித் தொழிலாளர்கள். இன்றும் அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்றே அழைக்கிறார்கள். தாயகத்தில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் அவர்களுக்கு, தலைமுறைகள் கடந்தும் அந்தத் தீவில் அந்தத் தகுதி இல்லை. இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டங்களுக்காகக் குடியேற்றினார்கள். தேநீர்க் கடையில் என் தமிழைக் கேட்டு ஊர் விசாரித்தவரின் தமிழில் மலையக வாடை இருந்தது. இன்னும் தெற்கே, பெரிய நிகோபாரில், துறைமுகமும் விமான நிலையமும் புதுநகரமும் அமைக்க 130 சதுர கிலோமீட்டர் காட்டை அழிக்க ஒன்றிய அரசு அனுமதித்திருக்கிறது. தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கலத்தியா விரிகுடாவின் சரணாலயத் தகுதி அதற்காகவே 2021-ல் பறிக்கப்பட்டது. ஷோம்பென் மக்களிடம் யாரும் முறையாகக் கேட்கவில்லை. அங்கும் ஒருநாள் வழித்துணையுடன் பயணங்கள் நடக்கும்.

இனி, ‘சுற்றுலாவா?’ என்ற கேள்விக்கு வருகிறேன். நம்மிடையே ஓய்வு என்பது ஏதோ சொகுசு வர்க்கத்தின் நோய் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. இது நம் வரலாற்றுக்கே பொருந்தாத எண்ணம். 1936-ல் பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சி அமைந்து, தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வென்றெடுத்தவற்றில் ஒன்று ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை. அந்தக் கோடையில் நாற்பது விழுக்காடு குறைக்கப்பட்ட ரயில் கட்டணத்தில் இலட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் கடற்கரைக்குச் சென்றன. பலர் கடலைக் கண்டதே அப்போதுதான். தங்கள் கடற்கரை அழுக்காகிவிட்டது என்று வலதுசாரி ஏடுகள் புலம்பின. மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் சோம்பலுக்கான உரிமையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம் தோழர்கள் தலைப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1948 தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்புத் தந்தது. ஒன்றிய அரசு ஊழியருக்குப் பயணச் சலுகை உண்டு. அந்தமானுக்கு விமானத்தில் போகத் தனித் தளர்வும் உண்டு. சிம்லாவிலும் உதகையிலும் கன்னியாகுமரியிலும் விடுமுறை இல்லங்கள் உண்டு. எல்லாம் போராடிப் பெற்றவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு எந்தச் சட்டம் விடுப்புத் தருகிறது? அங்கன்வாடி உதவியாளரும் ஆஷா ஊழியரும் எந்த விடுமுறை இல்லத்துக்குப் போவது? 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பது யாருக்கு என்பதை இந்த எண்களிலிருந்தே அறியலாம்.

2011 கணக்கெடுப்பில் விதவையர், மணமுறிவு பெற்றோர், கைவிடப்பட்டோர், மணமாகாதோர் என்று தனித்து வாழும் பெண்கள் 7 கோடிக்கு மேல் இருந்தனர். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 39 விழுக்காடு உயர்வு. இவர்களில் மேல்தட்டில் உள்ள சிலரைச் சந்தை கண்டுகொண்டது. அவர்களுக்குத் துணையை விலைக்கு விற்கிறது. மற்றவர்களுக்கு அரசு என்ன செய்கிறது? வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள விதவைக்கு ஒன்றிய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-லிருந்து அதே 300. எங்கள் படகில் ஓர் இளநீரும் ஒரு தட்டுப் பொரித்த மீனும் வாங்கியவர் அதற்கும் மேல் கொடுத்தார்.

எங்கள் குழுவில் வந்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. நாகபுரிப் பெண்மணி ஐந்தாம் நாள் சாகித் தீவில் முழங்கால் அளவு நீரில் இரண்டு மணி நேரம் நின்றார். யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்கிறது. இப்படி ஒரு நாள் தன் வாழ்வில் இருந்ததில்லை என்றார். இந்த ஒரு நாளை அவர் கணவரின் சேமநல நிதியிலிருந்து வாங்கியிருந்தார். தனிமையும் துணையும் அளவாகச் சேர்ந்த அந்த நிலை பணம் உள்ளவருக்கு மட்டும்தான் என்று ஏன் இருக்க வேண்டும்?

செய்ய முடியாத காரியமும் அன்று. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 முதல் குறைந்த கட்டணச் சுற்றுலாக்களை நடத்திவருகிறது; பெண்களுக்கென்றே தனிப் பயணங்களும் நடத்தியிருக்கிறது. அரசுப் பேருந்து, அரசு ஓட்டுநர், நியாயமான கட்டணம். இதை நலவாரியங்களோடு இணைத்து, பதிவு பெற்ற ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டாண்டுக்கு ஒரு பயணம் என்று கேட்கலாம். ஐஆர்சிடிசி பொதுத்துறை நிறுவனம். தனிப் பெண்களிடம் அது வாங்கும் கூடுதல் கட்டணத்தை நீக்கும்படி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியாவது எழுப்பலாம். வழித்துணை வேலை செய்யும் இளைஞர்களைத் தொழிலாளர் என்று ஏற்கச் செய்வதும், அவர்களுக்கு வாராந்தர ஓய்வும் தனிப் படுக்கையும் கிடைக்கச் செய்வதும் தொழிற்சங்கத்தின் வேலை. எந்தச் சங்கமும் இன்னும் அவர்களிடம் போனதாகத் தெரியவில்லை என்றாள் என் அறைத்தோழி.

கடைசி நாள் விமான நிலையத்தில் எங்களை வழியனுப்பிவிட்டு, அதே வாயிலில் அடுத்த குழுவின் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இடையில் இரண்டு மணி நேரம் இருந்தது. அதில் ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தாள். மகாவீர் சிங்கைப் பற்றி ஏதாவது சிறு புத்தகம் இருந்தால் அனுப்பச் சொன்னாள். அடுத்த குழுவுக்குத் தானே சொல்வாளாம். இந்தியில் ஒன்று கிடைத்தது, அனுப்பிவிட்டேன். மேற்சொன்ன கோரிக்கைகளை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி மாதர் அரங்கத் தோழர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஜரவா சாலையைப் பற்றியும் அதில் ஒரு பத்தி உண்டு.